கூடுதலாக ஒரு பிரதி

கோவில்பட்டியில் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் செய்யது அலி ஜெராக்ஸ் கடை போட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஆதார் நகல், பட்டா நகல் என்று எல்லாரும் வருவார்கள் என்றாலும் அந்தக் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஆய்வேடுகள்தான். முனைவர் பட்டத்துக்கு எழுதுகிறவர்கள் எங்கெங்கிருந்தோ அவரைத் தேடி வருவார்கள். இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்த பிறகுதான் இயந்திரத்தில் தாளை வைப்பார். ஒருமுறை ஒருவருடைய ஆய்வேட்டில் இருநூற்றுப் பதினெட்டாம் பக்கத்துக்கு அடுத்து இருநூற்று இருபது வந்துவிட்டது. அவர் ஐந்து பிரதிகளையும் வாங்கிக்கொண்டு மதுரைக்கு ரயில் ஏறிவிட்டார். செய்யது அலி தன்னிடம் இருந்த பிரதியைப் புரட்டும்போது அது கண்ணில் பட்டது. உடனே போன் போட்டு அந்த மனிதரைச் சாத்தூரில் இறங்க வைத்தார்.

கடைக்காரரிடம் ஆறாவதாக ஒரு பிரதி எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. மானம் தப்பித்த சந்தோஷத்தில் இருந்தார்.

அதுதான் செய்யது அலியின் பழக்கம். ஐந்து பிரதி கேட்டால் இயந்திரத்தில் ஆறு என்று அழுத்துவார். எல்லாருக்கும் அப்படிச் செய்ய மாட்டார். தலைப்பில் கோவில்பட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் பசுவந்தனை, விளாத்திகுளம் என்று இந்தக் கரிசல் பக்கத்து ஊர் ஏதாவது இருக்க வேண்டும். ஆறாவதை ஸ்பைரல் போட்டு, கடையின் பின்பக்கம் இருக்கும் இரும்பு பீரோவில் துறைவாரியாக அடுக்கி வைப்பார். கரிசல் மண் வெடித்தால் எத்தனை அடி ஆழம் போகும், கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு எவ்வளவு, தீப்பெட்டி ஆலைப் பெண்களுக்கு இருமல் எந்த மாதத்தில் கூடுகிறது, கடலை மிட்டாய் எத்தனை நாள் நமுத்துப்போகாமல் இருக்கும், ஹாக்கி ஆடுகிறவர்களின் முழங்கால் எந்த வயதில் கெடும், தெலுங்கு பேசும் வீடுகளில் சித்தப்பாவை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு ஊரைப் பற்றி இவ்வளவு பேர் இவ்வளவு கேள்வி கேட்டிருப்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பதினைந்து வருடத்தில் நாற்பத்து மூன்று சேர்ந்துவிட்டன.

அவர் படித்தது பத்தாம் வகுப்பு. அதிலும் இங்கிலீஷில் முப்பத்தொன்று. இங்கிலீஷில் எழுதிய ஆய்வேடுகளில் அட்டவணையும் வரைபடமும் மட்டும் பார்ப்பார். தமிழில் எழுதியவற்றை ஒரு வரி விடாமல் படிப்பார்.

புதிதாகத் தலைப்புத் தேடி வருகிறவர்களுக்குப் பீரோவைத் திறந்து காட்டுவார். "பாய், இத யாராவது பண்ணிட்டாங்களா?" என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு பேரும் வருடமும் சொல்வார். இதெல்லாம் உங்களுக்கு யார் கொடுத்தது என்று யாராவது கேட்டால், "அவியளே ஆசையா குடுத்ததுதான்" என்பார். வாசிக்கக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு நோட்டு வைத்திருந்தார். தேதி, பேர், ஆய்வேடு, எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை, கையெழுத்து, திரும்பி வந்த தேதி. கோடு போட்டு, கட்டம் கட்டி, நீல மையில் எழுதிய நோட்டு. அதில் அவர் ஒரு விதி வைத்திருந்தார்: பட்டம் வாங்கி முடித்த ஆய்வேட்டை மட்டும்தான் கொடுப்பது. எழுதிக்கொண்டிருப்பதை, அது யாருடையதாக இருந்தாலும், வெளியே விடுவதில்லை.

அந்த விதியை அவர் ஒரே ஒரு தடவை மீறினார்.

*

தங்கை முஸ்கான் அவரைவிடப் பதினைந்து வயது சிறியவள். அத்தா இறந்தபோது அவளுக்கு மூன்று வயது. அம்மா பதருன்னிசா துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பசுவந்தனைப் பக்கத்து ஊர்களில் தெருத் தெருவாக விற்று வந்தாள். செய்யது அலி ஒரு அச்சகத்தில் தாள் வெட்டப் போனார். முஸ்கான் மட்டும் படித்தாள். தமிழில் எம்.ஏ., அதற்குப் பிறகு எம்.பில். பிறகு ஒருநாள் கடைக்கு வந்து, "அண்ணே, பி.எச்.டி.க்குப் பதிஞ்சிருக்கேன்" என்றாள். செய்யது அலி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவள் நீட்டிய பதிவுச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

அவள் எடுத்துக்கொண்ட பொருள், பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்கு வரும் காலை டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்கள் என்ன பேசுகிறார்கள் என்பது. மூன்றாவது இயலுக்காக எட்டு மாதம் அந்த பஸ்ஸில் போய்வந்தாள். போனை நீட்டினால் பெண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று மடியில் நோட்டை வைத்துக்கொண்டு கையாலேயே எழுதினாள். கேலி, சாடைப்பேச்சு, மாமியார் பற்றிய வசவு, கண்டக்டரை ஓட்டுவது எல்லாம் அதில் வந்தன. அம்மா சொன்னதும் ஒன்று இருந்தது. பழைய நாளில் மூட்டையோடு அதே வழியில் போய்வந்தவள் அல்லவா.

"ஏட்டி, நான் உக்காருததே அந்த பஸ்ஸுலதான். மத்த எடமெல்லாம் எனக்கு நின்ன எடம்."

முஸ்கான் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் இயலின் முதல் வரைவைத் தட்டச்சு செய்து, இரண்டு பிரதி போட்டுத் தரச் சொல்லிக் கொண்டுவந்தாள். செய்யது அலி மூன்று என்று அழுத்தினார். மூன்றாவதை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். கூட்டம் இல்லாத நேரத்தில் எடுத்து வாசிப்பார். அம்மாவின் வரி வரும் பக்கம் எண்பத்தேழு. அந்தத் தாளின் ஓரம் கைபட்டுக் கொஞ்சம் அழுக்காகிவிட்டது.

2021 நவம்பரில் மணிராஜ் என்று ஒருவன் கடைக்கு வந்தான். வேறொரு பல்கலைக்கழகத்தில் பதிந்திருந்தான். தலைப்பு இன்னும் உறுதியாகவில்லை. பீரோ முன்னால் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தான்.

"என்ன பாய், எல்லாம் மண்ணு, தண்ணி, ஈ, எறும்புன்னே இருக்கு. மனுசங்க பேசுததப் பத்தி ஒருத்தரும் பண்ணலையே?"

"ஏன் பண்ணாம? மூணாவது தட்டுல தெலுங்குக்காரவுக வீட்டுப் பேச்சு இருக்குல்லா."

"அது மாமன் மச்சான் லிஸ்ட்டு பாய். நான் சொல்லுதது நடப்புப் பேச்சு. பொம்பளைய வேலைக்குப் போகையில பேசிக்கிடுதது. அத எவனும் தொடல."

"என் தங்கச்சி பண்ணுதா."

மணிராஜ் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "உங்க தங்கச்சியா? பஸ்ஸுல ஏறி, தீப்பெட்டிக்குப் போற பொம்பளைய கூட நெருக்கியடிச்சு உக்காந்துக்கிட்டா? உங்க ஆளுகள்ல விடுவாங்களா பாய்? சும்மா அளக்காதீங்க."

செய்யது அலிக்குச் சுருக்கென்றது. வாயால் பதில் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவர் இழுப்பறையைத் திறந்தார்.

"வாசிச்சுப் பாரும். வாசிச்சுட்டுப் பெறகு பேசும்."

மணிராஜ் நின்றபடியே நாலு பக்கம் வாசித்தான். சிரிப்பு நின்றுவிட்டது. "ரெண்டு நாள் குடுங்க பாய், வீட்டுல வச்சு நிதானமாப் பாத்துட்டுத் தாரேன்" என்றான். செய்யது அலி நோட்டை எடுத்து, கோடு போட்டு, எழுதினார்: 14.11.2021. முஸ்கான், இயல் மூன்று, வரைவு. பக்கம் 61 முதல் 104 வரை. மணிராஜ் கையெழுத்துப் போட்டான்.

சொன்னபடி பதினேழாம் தேதி கொண்டுவந்து கொடுத்தான். "உங்க தங்கச்சி பெரிய ஆளு பாய்" என்றான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு செய்யது அலி ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தார்.

*

ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன் ஆய்வுக்குழு கூடி ஒப்புதல் தர வேண்டும். இந்த வருடம் மார்ச்சில் அந்தக் கூட்டம் நடந்தது. காலையில் அம்மா கையால் சர்க்கரை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு போனவள், மூன்று மணிக்கே திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். செய்யது அலி சாப்பிட வந்த நேரம் அது.

"என்னட்டி, முடிஞ்சிட்டா?" என்றாள் அம்மா.

"என் மூணாவது இயல் காப்பி அடிச்சதாம்."

"யாரு சொன்னா?"

"வெளியூர்லருந்து வந்த நிபுணரு. போன வருசம் ஒரு பையனுக்கு வைவா நடத்துனாராம். அவன் புஸ்தகத்துல இதே பேச்சு, இதே வரிசையில இருக்காம். கையோட கொண்டாந்திருந்தாரு. சத்தமா வாசிச்சாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா, நீ சொன்னத வாசிச்சாரு. நான் உக்காருததே அந்த பஸ்ஸுலதான்... சீனியம்மாள், வயசு அம்பத்தஞ்சுன்னு போட்டிருக்கான்."

"நான் சீனியம்மாளா?" என்றாள் அம்மா.

செய்யது அலி சோற்றில் கைவைத்தபடி இருந்தார்.

முஸ்கானை முதலில் வழிநடத்திய பேராசிரியர் கொரோனாவில் போய்விட்டார். அதன் பிறகு பொறுப்பேற்ற சுகுணா மேடத்துக்கு இந்த இயல் எப்போது எழுதியது என்று தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் அறிக்கையில் தலைப்பு இருக்குமே தவிர எழுத்து இருக்காது. பஸ்ஸில் எழுதிய நோட்டுகளைக் காட்டினால், நோட்டை எப்போது வேண்டுமானாலும் எழுதலாமே என்று அந்த நிபுணர் சொன்னாராம். மூன்று வாரம் தவணை கொடுத்திருந்தார்கள். அதற்குள் தன்னுடையதுதான் முந்தியது என்று சான்று காட்ட வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து. ஏழு வருட உழைப்பு.

"அந்தப் பையன் பேரு என்ன?" என்று செய்யது அலி கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது.

"மணிராஜ்னு போட்டிருக்கு. நான் பாத்ததே இல்ல. என் எழுத்து அவன் கைக்கு எப்படிண்ணே போகும்?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் அவர் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடையில் ஒருவருக்கு ரேஷன் அட்டையைத் தலைகீழாக நகல் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் ரமலான் பிறந்தது. பள்ளிவாசலில் வரிசையில் நின்றபோது பக்கத்தில் நின்றவர், "தங்கச்சி டாக்டராயிட்டாளா?" என்று பிரியமாகக் கேட்டார். "ஆயிருவா" என்று சொல்லிவிட்டு, தொழுகை முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

நாலாவது நாள் விளாத்திகுளம் பஸ் ஏறினார். மணிராஜ் அங்கே ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருப்பதாக விசாரித்து வைத்திருந்தார். எட்டயபுரம் தாண்டியதும் ரோட்டோரம் முழுக்க வத்தல் காயப் போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக நெடி ஏறி பஸ்ஸே இருமியது. தாமும் இருமுவது அவருக்குச் சௌகரியமாக இருந்தது. கண் கலங்கினால் காரணம் கேட்க மாட்டார்கள்.

கல்லூரி வாசலில் டீக்கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் மணிராஜ் அவரைப் பார்த்ததும் முதலில் நல்லபடியாகத்தான் வரவேற்றான். விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தாழ்த்தினான்.

"பாய், நான் என்ன திருடவா செஞ்சேன்? நீங்களே எடுத்து நீட்டுனீங்க. கையெழுத்துப் போட்டு வாங்குனேன், சொன்ன நாள்ல திருப்பிக் குடுத்தேன்."

"வாசிக்கத்தான குடுத்தேன், தம்பி. அவ எங்கம்மா சொன்னத எழுதுனா. அதுக்கு நீ வேற ஒரு பேரப் போட்டிருக்க."

"எனக்கும் ரெண்டு பிள்ளைய இருக்கு. பட்டத்தக் காட்டித்தான் இந்த வேலையில உக்காந்திருக்கேன். இது வெளிய வந்தா நான் எங்க போவேன்?" அவன் டீக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டான். "அந்த நோட்டக் காட்டலாம்னு வந்திருக்கீங்க, அதான? காட்டுங்க. மொதல்ல உங்க பீரோவத்தான் திறக்கச் சொல்லுவாங்க. அதுல இருக்குததுல எதுக்குப் பாய் நீங்க கேட்டு வாங்கியிருக்கீங்க? எல்லாம் ஆசையா குடுத்ததுன்னீங்களே, ஒருத்தர் பேரச் சொல்லுங்க பாப்போம்."

மணிராஜ் டீக்குச் சொன்னான். நோன்பு என்று சொல்லிவிட்டு அவர் பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

*

அன்று நோன்பு திறந்த பிறகு அவர் தங்கையிடம் சொன்னது இதுதான்: "அந்த மணிராஜ் என் கடைக்கு வந்திருக்கான். இழுப்பறையில கெடந்ததத் தூக்கிட்டுப் போயிருக்கான் போல."

அவ்வளவையும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

முஸ்கான் முகத்தில் நாலு நாளுக்குப் பிறகு உயிர் வந்தது. "திருடிட்டுப் போயிருக்கானா? அப்ப நான் பைத்தியம் இல்ல. அல்லாவே." அவள் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"விசாரிச்சேன்."

அம்மா முந்தானையை விரித்து வைத்துச் சாபம் விட்டாள். "எம்பிள்ளை எழுத்த எடுத்தவன் கை வெளங்குமா? அவன் வெக்கப்பட்டுத் தலைகுனிஞ்சு நிக்கணும் நாலு பேரு மத்தியில."

"விடும்மா. நோன்பு மாசம்" என்றார் செய்யது அலி.

"நீ சும்மா இருலே. உனக்கு இரக்கம் ஜாஸ்தி."

மறுநாள் காலையில் முஸ்கான் மனுவைத் தட்டச்சு செய்து கடைக்கே கொண்டுவந்தாள். ஒரு பக்கம்தான். 'என் சகோதரர் செய்யது அலியின் கடையிலிருந்து என் வரைவை அவர் அறியாமல் திருடிச் சென்று' என்று நாலாவது வரியில் இருந்தது. கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறிதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தாள்.

"தேதி மட்டும் காலியா விட்டிருக்கேன். எந்த வருசம்னு ஞாபகம் இருக்காண்ணே?"

செய்யது அலி மனுவை வாசித்தார். எதையும் இரண்டு முறை வாசிக்காமல் அவர் இயந்திரத்தில் வைத்ததில்லை. இரண்டாவது முறை நாலாம் வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். அடுத்த வரிக்குப் போகவே முடியவில்லை.

"தேதி இருக்கு" என்றார். நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

அவள் வாசித்தாள். பேர், தேதி, பக்கம், கையெழுத்து. கடைசிக் கட்டத்தில் அவர் கையாலேயே எழுதியிருந்தது: திரும்பப் பெறப்பட்டது, 17.11.2021.

வெளியே ஒரு ஆட்டோக்காரர், "பாய், ஆர்.சி. புக்கு ரெண்டு காப்பி" என்று கூப்பிட்டார். யாரும் எழுந்து வராததால் அவர் போய்விட்டார்.

"குடுத்தீங்களா?" என்றாள் முஸ்கான்.

"நீ எழுதுனியான்னு கேலி பண்ணுனான். நம்மாளுகள்ல பஸ்ஸுல போக விடுவாங்களான்னு கேட்டான்."

"அதுக்கு?"

"காட்டணும்னு தோணிச்சு."

"நான் எழுதுனத நானே இன்னும் யாருக்கும் காட்டல அப்ப. மூணு பிரதியா போட்டீங்க? நான் ரெண்டுல்லா கேட்டேன்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நேத்து நான் உங்க கையப் பிடிச்சேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாலு பேர் மத்தியில் என்று அம்மா சொன்னாள். ஒருத்தி முன்னாலேயே அவரால் நிமிர முடியவில்லை.

முஸ்கான் நோட்டின் மற்றப் பக்கங்களைப் புரட்டினாள். புரட்டப் புரட்ட நிதானமானாள். "இது எல்லாமே இப்படித்தானா? நாப்பத்து மூணும்?"

"ஆமா."

"இத நான் கமிட்டியில வச்சா எனக்கு வழி பொறந்துரும். உங்க கடை?"

"நீ அதப் பாக்காத. நானே கொண்டாந்து வைக்கேன்."

"நீங்க வர வேண்டாம்" என்றாள். பிறகு நோட்டை மூடிவிட்டு, "வந்துதான் ஆகணும். உங்க கையெழுத்துன்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

மனுவை நான்காகக் கிழித்துத் தாள் கூடையில் போட்டுவிட்டுப் போனாள்.

*

ஆய்வுக்குழு அறையில் மூன்று பேர் இருந்தார்கள். சுகுணா மேடம், வெளியூர் நிபுணர், இன்னொரு துறைத் தலைவர். செய்யது அலி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தார். அவரை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் பேச்சு வராது என்று நின்றபடியே சொன்னார். எதையும் விடவில்லை. கேலிக்காகக் கொடுத்தது, மூன்றாவது பிரதி, திருட்டு என்று வீட்டில் சொன்ன பொய் வரைக்கும் சொன்னார். பொய்யைச் சொல்லத் தேவையில்லை என்று முஸ்கான் வரும்போதே சொல்லியிருந்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் மிச்சத்தை எப்படி நம்புவார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

நிபுணர் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். முந்தைய வரியிலும் பிந்தைய வரியிலும் வேறு வேறு ஆட்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இடையில் செருகியதாகச் சொல்ல வழியில்லை. "இது போதும்னு நினைக்கிறேன்" என்றார் மற்றவர்களிடம்.

நோட்டு சுகுணா மேடம் கைக்குப் போனது. அவர் முதல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இது என்னோட ஆய்வேடு."

செய்யது அலிக்கு அது தெரியும். கரிசல் வட்டார விடுகதைகள், 2011, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதைத் தம் கடையில் நகல் எடுத்ததை மேடம் ஞாபகம் வைத்திருக்க மாட்டார் என்று வரும் வழியில் நினைத்திருந்தார்.

"பதினோரு பேர் வாங்கிட்டுப் போயிருக்காங்க" என்றார் சுகுணா மேடம். "எங்க வீட்டுக்காரர்கூட அத வாசிக்கல." சிரிப்பு வரப் பார்த்து நின்றுவிட்டது. "நீங்க கேட்டிருந்தா நானே ஒண்ணு குடுத்திருப்பேனே. ஏன் கேக்கல?"

நாற்பத்து மூன்று பேரும் கேட்கக்கூடிய கேள்வி அதுதான். அவருக்குப் பதில் தெரிந்தே இருந்தது. கேட்டால், இது உங்களுக்கு எதற்கு பாய் என்று சிரித்துவிடுவார்களோ என்ற பயம். பத்தாம் வகுப்பு பெயிலான ஆளுக்கு வெடிப்பின் ஆழமும் விடுகதையும் எதற்கு? கேட்டு இல்லை என்று வாங்கிக்கொள்வதைவிட, கேட்காமல் ஆறு என்று அழுத்துவது எளிதாக இருந்தது.

"தப்புதான் மேடம்" என்றார்.

*

முஸ்கானுக்கு ஒப்புதல் கிடைத்தது. நடந்ததை மூன்றாம் இயலில் அடிக்குறிப்பாகப் போட்டு, நோட்டுப் பக்கத்தைப் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும் என்றார்கள். மணிராஜின் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போயிற்று; விசாரணை நடக்கிறது.

செய்தி ஒரு வாரத்தில் எல்லாக் கல்லூரிக்கும் போய்விட்டது. செய்யது அலி பீரோவைப் பூட்டவில்லை. உரியவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்று ஒவ்வொருவருக்கும் தாமே போன் செய்தார். சிலர் வேண்டாம் என்றார்கள். சிலர் போனை எடுக்கவே இல்லை. கிணற்றுத் தண்ணீரை ஆராய்ந்த மந்திரமூர்த்தி நேரில் வந்தார். தம்முடைய பிரதியை எடுத்து அங்கேயே புரட்டினார். பதினான்காம் அட்டவணையில் பென்சிலால் ஒரு சுழி இருந்தது.

"இது என்னவே?"

"கூட்டுத்தொகை தப்பா இருக்கு சார். பசுவந்தனைக் கிணறு ரெண்டு தடவை வந்திருக்கு."

மந்திரமூர்த்தி கணக்குப் போட்டுப் பார்த்தார். முகம் சிவந்தது. "எப்பக் கண்டுபிடிச்சீரு?"

"நீங்க பட்டம் வாங்குததுக்கு முந்தியே."

"அப்பவே சொல்லியிருக்கலாமேய்யா!"

"சொன்னா, என்கிட்ட பிரதி இருக்குதது தெரிஞ்சிரும்."

வைவதற்கு வாயெடுத்த மந்திரமூர்த்தி, அதை விட்டுவிட்டு ஆய்வேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் வேலை பார்க்கும் கல்லூரியிலிருந்து ஒரு தாளும் கடைக்கு வரவில்லை.

ஜூலையில் முஸ்கான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். ஐந்து பிரதியும் திருநெல்வேலியில் போட்டு, அங்கேயே பைண்டிங் செய்தாள். ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாள். அம்மா அதன் அட்டையைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஏலே, என்னைப் பத்தி எங்கன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு" என்று மகனிடம் நீட்டினாள். முஸ்கான் அடுப்படி வாசலில் நின்றாள்.

செய்யது அலி புரட்டினார். அம்மாவின் வரி இப்போது தொண்ணூற்று நாலாம் பக்கத்தில், பதருன்னிசா, வயது அறுபத்தாறு, கோவில்பட்டி என்ற பேரோடு இருந்தது. அதை வாசித்துக் காட்டினார். அம்மா திருப்தியாகத் தலையசைத்தாள். "கீழ என்னலே பொடிசா போட்டிருக்கு?"

அவர் வாசித்தார். "இவ்வியலின் முதல் வரைவு 2021 நவம்பரில், ஆய்வாளர் அறியாமல், நகல் எடுக்கக் கொடுத்திருந்த கடையின் உரிமையாளரால் வெளியாருக்கு வழங்கப்பட்டது. பின்னிணைப்பு ஆறு காண்க."

"கடையின் உரிமையாளர்னா நீதான?"

"நான்தான்ம்மா."

"அண்ணன்னு போடலையா? பேராவது போட்டிருக்கலாம்லாட்டி" என்று அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"பேரு போடணும்னு அவிய சொல்லல" என்றாள் முஸ்கான்.

செய்யது அலி அந்த இரண்டு வாக்கியத்தையும் மறுபடி வாசித்தார். பிழை ஒன்றும் இல்லை. தேதி சரி. சொல் ஒன்றுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விஷயம் தெரியாத யார் வாசித்தாலும் அது யாரோ ஒரு கடைக்காரர். தங்கை தன்னைக் காப்பாற்றியிருக்கிறாளா, விலக்கி வைத்திருக்கிறாளா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. இரண்டில் எது என்றாலும் தலைகுனிவுதான் என்பதால் கேட்கவில்லை.

"போட்டிருக்கலாம்" என்றார்.

"போட்டிருக்கலாம்தான்" என்று சொல்லிவிட்டு முஸ்கான் உள்ளே போனாள்.